இரண்டு சட்ட பீடங்களும் ஒரு விறகுக் கேஸும்

அன்று காலை எங்கள் லோயர் ஆபீசில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் லோயர் சேர். அவருடைய பெயர் வேண்டாம், அவருக்கே அது பிடிக்காது. இந்தப் பக்கம் வாங்குப் பலகையில் என் வீட்டுக்காரர், தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர். அவருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், யாரும் கூப்பிடாமலே வந்தவர். ஜன்னலோரம் என் மகள் தர்ஷினி, கையில் போன். கதவோரம் மாரியாயி அக்கா, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல். பிறகு நான், கேஸ் கட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு.

இவர்களில் கேஸ் இருந்தது மாரியாயி அக்காவுக்கு மட்டும். மற்றவர்கள் எல்லோரும் ஒரே கேள்விக்காக வந்திருந்தார்கள். தர்ஷினி அப்போது வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். அங்கேயே தொடர்வதா, கொழும்புச் சட்ட பீடத்துக்கு மாறிப் போவதா? அன்று சாயங்காலத்துக்குள் பதில் அனுப்பியாக வேண்டும்.

லோயர் ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி, தங்கச்சிமாரே, மனு எப்படி எழுதுவது, முத்திரை எங்கே ஒட்டுவது என்பதை எல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும். நின்ற இடத்தில் நின்றபடி முடிவு எடுக்க வேண்டி வரும் பாருங்கள், அதுதான் லேசில் வராது. எனக்கு அது கடைசி வரை பயம்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இந்த ஆபீசைக் கூட்டிப் பெருக்க வந்து, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பேனா கொடுக்கப்பட்டு கிளாக்கர் ஆனவள் நான். பூட்டிய கதவை, பஸ் ஸ்டாண்ட் வரை போன பிறகும் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். சந்தோஷம் வந்தாலும் எனக்கு முதலில் பயம்தான் வரும்.

அன்றைக்கும் வந்தது. ஆனால் அது எப்பேர்ப்பட்ட பயம் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு கதவு திறந்தாலே கோயிலில் பொங்கல் வைப்போம். என் பிள்ளைக்கு இரண்டு கதவு திறந்து கிடக்கிறது, எதில் நுழைவது என்பதுதான் பிரச்சினை. இப்படி ஒரு பிரச்சினை என் வீட்டுக்கு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நின்றால் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை, உட்கார்ந்தால் உட்காரவும் முடியவில்லை.

பல்கலைக்கழகத்தில் சேரும்போதே அவள் கொழும்புக்கு மாற்றம் கேட்டு எழுதியிருந்தாள். பதிலே வராததால் எல்லோரும் அதை மறந்துவிட்டோம். முதல் வருடம் பாதி ஓடி, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிற நேரத்தில், இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்று போனுக்குச் செய்தி வந்து விழுந்தது. வீட்டில் பேசி முடியாமல்தான் சேரிடம் வந்தோம்.

சேர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நீதவான் கோட்டுக்குப் போக நேரம் இருக்கிறது, ஒவ்வொருவராகப் பேசுங்கள் என்றார். ஒவ்வொருவராகப் பேசி எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். மகள் வடக்கிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அங்கே எல்லாம் தமிழ், சாப்பாடு பழகிவிட்டது, கூட இருக்கிற பிள்ளையின் வீட்டில் இருந்து பனங்கிழங்கு எல்லாம் வருகிறது, கொழும்பில் தண்ணீர் குடித்தாலும் காசு என்று அடுக்கினார். தலைவருக்குக் கொழும்புதான். மந்திரிமாரும் நீதிபதிமாரும் படித்த இடம், அங்கே படித்தேன் என்று சொன்னால் எந்த லோயரும் நாற்காலியை இழுத்துப் போடுவார் என்றார். பிறகு கொஞ்சம் இழுத்து, "அதோட பேனரும் அடிக்கக் குடுத்தாச்சுங்க" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். போனை எடுத்துக் காட்டினார். தலைவருடைய படம் ஆளுயரத்துக்கு. கீழே மூலையில் தர்ஷினி, அவள் கழுத்துக்குக் கீழே யாருடையதோ ஒரு கறுப்புக் கோட்டு. கொழும்பு செல்லும் எங்கள் தோட்டத்தின் முதல் சட்டத்தரணிக்கு வாழ்த்துகள் என்று எழுதியிருந்தது. நோர்வூட் டவுன் சந்தியில் கட்டுவதாக ஏற்பாடு. தர்ஷினி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"தலைவரே," என்றார் சேர், "படிச்சு முடிக்காத ஆளைச் சட்டத்தரணின்னு போட்டா அது குத்தம். கேஸ் வந்தா மொத எதிரியாக் கூண்டுல நிக்கிறது நீங்கதான்."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்கள்ல சேர்" என்றார் தலைவர்.

உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். அவளுக்கு இல்லை. பேனர் ஏறிவிட்டால் போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால், அந்தப் பிள்ளைக்குக் கொழும்பில் தாக்குப்பிடிக்க முடியவில்லையாம் என்று நோர்வூட் முழுக்கப் பேசும். ஒரு பிள்ளையின் முடிவை ஒரு துணி எடுக்கப் பார்த்தது.

சேர் தர்ஷினியைக் கேட்டார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"ரெண்டு எடத்துலயும் சிரிப்பாங்க சேர். அங்க போன புதுசுல நான் வாங்க, போங்கன்னு பேசினா, இந்தியப் படத்துல பேசுற மாதிரி இருக்குன்னு சிரிச்சாங்க. இப்பதான் பழகி, வழக்காடுற போட்டிக்கு என்னையும் சேத்துருக்காங்க. கொழும்புக்குப் போனா என் இங்கிலீசுக்குச் சிரிப்பாங்க. திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுமான்னு இருக்கு."

என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "ஒரு கெழம தவணை கேட்டுப் பாப்போமா?"

"அம்மா, இது கோடு இல்ல" என்றாள் தர்ஷினி. சேர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் எதற்குச் சிரித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்கு வந்த புதிதில், புருஷனிடம் பிள்ளைச் செலவு கேட்கிற ஒரு தாபரிப்பு வழக்கு. புருஷன் பக்கம் இறங்கி வந்து, அன்றைக்கே ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்கிறோம் என்றார்கள். எங்கள் கட்சிக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்தார். நானோ அவசரப்பட்டு ஏதாவது ஆகிவிடுமோ என்று பதறி, சேரிடம் ஓடிப் போய், ஒரு தவணை எடுத்து, கேஸைத் தள்ளிப்போட்டு யோசிப்போம் என்றேன். சேர் கேட்டார்: "தவணை யாருக்கு? அந்தப் பொம்பளைக்கா, ஒனக்கா?" அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்கு அந்த வாரம் அரிசி இல்லை. தவணை எனக்குத்தான். அன்றைக்கே ஒத்துத் தீர்ந்தது. எங்கள் தொழிலில் தவணை கேட்பது மூச்சு விடுவது மாதிரி. அதனால்தான் சொல்கிறேன், கேட்பதற்கு முன்னால் அது கட்சிக்காரருக்குத் தேவையா, நம்முடைய பயத்துக்குத் தேவையா என்று ஒரு தரம் பாருங்கள். நான் பல தரம் பார்க்க வேண்டியிருந்தது. அன்று மகள் விஷயத்திலும் பார்க்க மறந்துவிட்டேன்.

அதற்குள் கோட்டுக்கு நேரமாகிவிட்டது. "கேஸ் உள்ள ஆளை மொதல்ல கவனிப்போம்" என்று சேர் எழும்பினார். சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது, வந்து பேசலாம் என்றார். தர்ஷினியும் கோட்டுக்கு வருகிறேன் என்றாள். என் வீட்டுக்காரரும் வந்தார். தலைவர் பேனர்க் கடைக்குப் போன் எடுக்க வெளியே போனார்.

மாரியாயி அக்காவின் கேஸ் விறகுக் கேஸ். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய பிறகு கிடக்கிற மிலாறுக் குச்சிகளை அடுப்புக்கு எடுத்துப் போவது நம் தோட்டங்களில் எல்லோரும் செய்வது, யாரும் தடுப்பதில்லை. அப்படி ஒரு கட்டு சுமந்து வந்த அன்றைக்கு, தோட்டத்து மரம் ஒன்று களவாக வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டிய ஆளை விட்டுவிட்டு, கட்டோடு வந்தவரைப் பிடித்துப் பொலிசில் கொடுத்துவிட்டார்கள். பென்ஷனுக்குப் போகிற வயதில் களவுக் குற்றம் பதிவானால், காலமெல்லாம் உழைத்த சேவைக்காலப் பணத்தில் கை வைப்பார்களோ என்று அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

கோட்டு வளவில் மரத்தடியில் வைத்து அவருக்குச் சொன்னேன். நம் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். துரையோ, வேலை வாங்குகிற கண்டாக்கோ, பொலிசோ, பெரிய மனுஷர் யார் எதைச் சொன்னாலும் கை கட்டித் தலையாட்டுவோம். அது ஒத்துக்கொள்வது இல்லை, மரியாதை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அப்படியே பழகிவிட்டது. "அக்கா, உள்ள யார் என்ன கேட்டாலும் தலையாட்டாதீங்க" என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

எந்த ஊர்க் கோடு என்று கேட்காதீர்கள். சேருக்கு மேல்மாடியில் இன்னொரு வழக்கு இருந்தது. எங்கள் கேஸ் பிந்தித்தான் எடுபடும் என்று அங்கே போயிருந்தார். மொழிபெயர்ப்பாளரும் பக்கத்துக் கோட்டுக்குப் போயிருந்தார். அன்று பார்த்து, வர வேண்டியவர்கள் வராததால் முன்னால் இருந்த கேஸ்கள் எல்லாம் சடசடவென்று தள்ளிப் போக, மாரியாயி அக்காவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூண்டில் ஏறினார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கை கட்டி நின்றார். குற்றப்பத்திரிகையைச் சிங்களத்தில் வாசித்தார்கள். முடிந்ததும், குற்றவாளியா, குற்றம் செய்யாத சுற்றவாளியா என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

மாரியாயி அக்கா தலையாட்டினார். நன்றாக, கழுத்து வளைய ஆட்டினார்.

பின் வாங்கில் இருந்த நான் பாதி எழும்பிவிட்டேன். கிளாக்கருக்குக் கோட்டில் வாய் திறக்க உரிமையில்லை. எழும்பிக் கத்தினால் என்னை வெளியே போடுவார்கள், சேருக்கும் அவமானம். வழக்கமான நானாக இருந்தால் மேல்மாடிக்கு ஓடியிருப்பேன். படியேறி, சேரைக் கண்டுபிடித்து, விஷயத்தைச் சொல்லி, அவர் இறங்கி வருவதற்குள் எல்லாம் எழுதி முடிந்திருக்கும். தர்ஷினி என் கையைப் பிடித்து, "என்னம்மா கேட்டாங்க, என்னா நடக்குது?" என்று குசுகுசுத்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்துச் சிங்களம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கக் காணும். அந்த வேகத்துக்குக் காணாது. பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

லோயர்மார் இருக்கிற மேசையில் ஓரமாக ஒரு சின்ன வயது லோயர் மிஸ் இருந்தார். கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், என்னோடு ஒரு சிரிப்புப் பழக்கம் மட்டும். குனிந்தபடியே போய் அவருடைய கறுப்புக் கோட்டின் கையைத் தொட்டேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் காதுக்குள் சொன்னேன்: மிஸ், இவங்க எல்லாத்துக்கும் தலையாட்டுவாங்க, நீங்க ஆம்பளையான்னு கேட்டாலும் ஆட்டுவாங்க, எங்க சேர் மேல இருக்கார்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழும்பிவிட்டார். மாரியாயி அக்கா அவருடைய கட்சிக்காரர் அல்ல, காசு இல்லை, கையில் கேஸ் கட்டு இல்லை. இருந்தும் எழும்பி, இந்த அம்மாவுக்குக் கேள்வி விளங்கியதா என்று பார்க்க வேண்டும் என்று பணிவாகச் சொன்னார்.

நீதவான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி மாரியாயி அக்காவையே பார்த்தார். பிறகு அதே சிங்களத்தில், அதே குரலில் கேட்டார், நீங்கள் இன்றைக்கு ஹெலிகொப்டர் ஓட்டிக்கொண்டா வந்தீர்கள் என்று.

மாரியாயி அக்கா தலையாட்டினார்.

கோடே சிரித்துவிட்டது. நீதவான் சிரிக்கவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் வரும் வரை இந்த வழக்கைத் தொடப் போவதில்லை என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஓடிப் போய் அந்த மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நீங்களும் ஒன்றை மனதில் வையுங்கள்: நெருக்கடியில் நம்முடைய ஆள் எங்கே என்று தேடாதீர்கள். பேச உரிமை உள்ள ஆள் யார் பக்கத்தில் இருக்கிறார் என்று பாருங்கள்.

வாங்குக்குத் திரும்பி வந்தால், தர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை. "என்னா கேட்டாங்கன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்றாள். சொன்னேன். அவள் திரும்பிக் கூண்டைப் பார்த்தாள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று மாரியாயி அக்காவும் சேர்ந்து சிரித்துக்கொண்டு நின்றார். எதற்கென்று தெரியாமல்.

பிறகு மொழிபெயர்ப்பாளர் வந்தார், சேரும் இறங்கி வந்தார். தமிழில் கேட்டதும் மாரியாயி அக்கா, தான் எடுத்தது மிலாறு, மரத்தைத் தொடவே இல்லை என்று கூண்டு அதிரச் சொன்னார். சுற்றவாளி என்று பதிந்து விசாரணைக்குத் திகதி போட்டார்கள்.

வெளியே வந்ததும் விட்ட இடத்தில் இருந்து எல்லோரும் தொடங்கினார்கள். என் வீட்டுக்காரர் பனங்கிழங்கு, தலைவர் பேனர். நம் ஆட்கள் லோயரிடம் தனியாக வருவதே இல்லை, அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேள்வி ஒருவருக்கு, பதில் ஆறு பேரிடம் இருந்து. அப்போது கிளாக்கர் செய்கிற வேலை ஒன்றுதான். மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, யாருடைய கேஸோ அவரைத் தனியாக உட்கார வைப்பது. எத்தனை குடும்பத்தை அப்படி டீக்கடைக்கு விரட்டியிருப்பேன். சொந்தக் குடும்பத்தை விரட்ட வேண்டும் என்று காலையில் இருந்து எனக்குத் தோன்றவில்லை. "என்னங்க, தலைவரையும் கூட்டிட்டுப் போய் டீ குடிங்க" என்றேன். என் குரலைக் கேட்டு அவர் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார்.

மரத்தடியில் இருந்த கல்லில் அவளை உட்கார வைத்தேன். நான் நின்றுகொண்டேன். "நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு" என்றேன். அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"கொழும்புக்குப் போறேம்மா" என்றாள்.

பேனருக்காகவா என்று கேட்டேன். பேனரைக் கிழித்துப் போடச் சொன்னாள். பெரிய இடம் என்றா என்று கேட்டேன். இல்லை என்று தலையை அசைத்தாள்.

"வடக்குல கோடெல்லாம் தமிழ்லதான் நடக்குது. அங்கயே படிச்சா நல்ல லோயரா வருவேன், ஆனா அந்த ஊருக்கு மட்டுந்தான் லோயரா இருப்பேன். இங்க வந்து நின்னா, அந்தக்கா மாதிரி நானும் தெரியாமச் சிரிச்சிக்கிட்டு நிக்கணும். கொழும்பு ஹொஸ்டல்ல ஒரு ரூம்ல சிங்களப் புள்ளைகளோட இருக்கலாம். சண்டை போட்டாவது படிச்சிருவேன். இங்கிலீசுக்குச் சிரிச்சா சிரிக்கட்டும், சிங்களத்துக்கும் சேத்துச் சிரிக்கட்டும்."

நானாக இருந்தால் ஆயிரம் காரணம் அடுக்கியிருப்பேன். நீதிபதிமார், நாற்காலி, செலவு, சாப்பாடு. காலையில் இருந்து நாங்கள் எல்லோரும் இரண்டு பீடங்களைத் தராசில் போட்டுக்கொண்டு இருந்தோம். அவள் ஹொஸ்டலில் யார் பக்கத்தில் படுப்பது என்று பார்த்திருக்கிறாள். அந்த வளவில் அத்தனை பேர் இல்லாவிட்டால் அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பேன், இந்த வலிக்கிற முழங்காலோடு.

பதில் அனுப்புவதற்கு முன்னால் வடக்கில் தன்னோடு இருந்த பிள்ளைக்குப் போன் எடுத்தாள். போட்டி அணியை விட்டுப் போகிறோமே என்ற குற்ற உணர்ச்சி அவளுக்கு. அந்தப் பிள்ளை சத்தமாகப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"போடி, போ. ஆர் உன்னை மறிச்சது? நீ கதைச்சா எங்களுக்குப் படம் பாக்கிற மாதிரி இருந்தது. இனி நாங்கள் காசு குடுத்தெல்லோ பாக்க வேணும்."

இரண்டு பேரும் சிரித்து, பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். அழுதபடியே அவள் பதிலை அனுப்பினாள். அனுப்பிய பிறகு சரியாகப் போனதா என்று நான் பல தரம் கேட்டேன். அவள் எரிந்து விழவில்லை, ஒவ்வொரு தரமும் காட்டினாள்.

தலைவருக்குச் சொன்னதும் தான்தான் அனுப்பி வைத்தது போல நெஞ்சை நிமிர்த்தினார். சட்டத்தரணி என்பதை அழித்து மாணவி என்று போட ஒத்துக்கொண்டார். தன் படத்தைச் சின்னதாக்க ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது அவள் அங்கே இரண்டாம் வருடம். போனில் பேசும்போது நடுவில் ரூம் பிள்ளைகளோடு சிங்களத்தில் ஏதோ வாதாடுவது கேட்கும். யார் வென்றது என்று கேட்பேன். பாதி நாள் அவர்கள், பாதி நாள் நான் என்பாள். நல்ல கணக்கு. சேரும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். நான் போன வருடம் வேலையை விட்டு நின்றபோது, என் நாற்காலியை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைக்கிறேன், உன் மகள் ஜூனியராக வந்து அதில் உட்காரட்டும் என்றார். எனக்கு இப்போதிருந்தே அந்தக் கவலையும் தொடங்கிவிட்டது. நல்ல கவலை.

மாரியாயி அக்காவின் வழக்கு பிறகு தள்ளுபடியானது. மரத்தை வெட்டிய ஆள் வேறு என்று தெரிந்துவிட்டது. அவர் சேருக்கு ஃபீஸில் பாதிதான் கட்டியிருந்தார். மீதியைக் கேட்டபோது, பணம் இருக்கிறது, ஆனால் இப்போது தரமாட்டேன் என்றார். தர்ஷினி கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டுக்கு வரட்டும், அவள் கையில்தான் தருவாராம். "எல்லாத்தையும் தீத்துட்டா உறவு முடிஞ்சு போவுங்க கிளாக்கரம்மா. கொஞ்சம் நிக்கட்டும். அதுக்காகவாவது அந்தப் புள்ள இங்கிட்டு வரணும்ல."

சேரிடம் சொன்னேன். கணக்குப் புத்தகத்தில் அப்படியே எழுதி வை, அது தர்ஷினியின் முதல் ஃபீஸ் என்றார். எழுதி வைத்தேன்: வர வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.